சட்டசபையில் ஒரு வைத்தியர்: முத்துலெட்சுமி ரெட்டியின் மூன்றரை வருடங்கள்

1926ஆம் ஆண்டின் தேர்தலுக்குப் பின்னர் கூடிய சென்னை மாகாண சட்டசபையில் ஒரேயொரு பெண் உறுப்பினர்தான் இருந்தார். அவர் தேர்தலில் நின்று வென்றவரல்லர், அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவர். எந்தக் கட்சியையும் சாராதவர். தொழிலால் வைத்தியர். இங்கிலாந்தில் பெண்கள், குழந்தைகள் நோய்கள் தொடர்பான மேற்படிப்பை முடித்துக்கொண்டு அப்போதுதான் நாடு திரும்பியிருந்தார். சபை அவரை ஏகமனதாகத் தனது பிரதித் தலைவராகத் தெரிவு செய்தது. பிரித்தானிய இந்தியாவின் சட்டசபைகளில் அமர்ந்த முதற் பெண் என்ற பெயரும், சட்டசபையொன்றின் பிரதித் தலைவரான முதற் பெண் என்ற பெயரும் இவ்வாறாக டொக்டர் முத்துலெட்சுமி ரெட்டிக்கு உரியதாயின. இலங்கையில் அட்லின் மொலமுறே அரசாங்க சபைக்குள் நுழைந்தது இதற்கு ஐந்து வருடங்களின் பின்னர், 1931இல் ஆகும். அது சர்வசன வாக்குரிமையின் வழியாக நிகழ்ந்தது என்பது வேறுபாடு.

முத்துலெட்சுமியைப் பற்றி எழுதுவோர் இந்த 'முதல்' என்ற சொல்லிலேயே தங்கிவிடுகின்றனர். முதல் மாணவி, முதல் பெண் உறுப்பினர், முதல் பிரதித் தலைவர் என்று பட்டியல் நீளும். அந்த ஆசனத்தில் அமர்ந்து அவர் என்ன பேசினார், பேசியவற்றுள் எது சட்டமாயிற்று, எது காகிதத்திலேயே நின்றது என்பனவெல்லாம் பின்தள்ளப்படுகின்றன. 1930 வரை நீடித்த அந்த மூன்றரை வருடங்களை மட்டுமே இங்கு கவனிக்க விரும்புகிறேன். அக்காலத்தைப் பற்றி அவரே 'ஒரு சட்டசபை உறுப்பினராக எனது அனுபவங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி 1930இல் வெளியிட்டிருக்கிறார்.

முதலில் அந்தச் சபையின் பலம் எவ்வளவு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது இரட்டையாட்சிக் காலம். கல்வியும் சுகாதாரமும் இந்திய அமைச்சர்களின் கையில் விடப்பட்டிருந்தன. நிதியும் பொலிஸும் ஆளுநரின் நிர்வாக சபையிடம் இருந்தன. பணப்பெட்டியின் திறப்பு ஒருவரிடமும் செலவுக்கான பொறுப்பு இன்னொருவரிடமும் இருந்த ஏற்பாடு இது. தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் பிரேரணை நிறைவேறினாலும் அது அரசாங்கத்துக்கு ஒரு சிபாரிசு மட்டுமே. அரசாங்கம் அதை ஏற்கலாம், கோவையில் போட்டுக் கட்டிவிடலாம். தனியார் சட்டமூலம் கொண்டுவருவதாயின் முன்னனுமதியும் பொதுசன அபிப்பிராயம் கேட்டலும் என்று மாதக்கணக்கில் இழுபடும். கட்சிப் பலமில்லாத ஒரு நியமன உறுப்பினருக்கு இருந்த ஆயுதங்கள் இவ்விரண்டும்தான்.

அவர் 1886 ஜூலை 30ஆம் திகதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி அதிபர், பிராமணர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இத் திருமணத்தால் தந்தை தம் உறவினரிடமிருந்து விலக நேர்ந்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானே தலையிட்டு இடம் கொடுத்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், ஆண் மாணவர்களின் கண்ணிற் படாதவாறு திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார். கூடார வண்டியில் சீலை கட்டிப் பயணம் செய்த எமது உம்மம்மாக்களை அறிந்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டொக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை முன்வைத்தே சம்மதித்தார்.

சட்டசபை ஆசனத்தை அவர் தேடிப் போகவில்லை. சென்னை மாகாணம் 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்திருந்தது. ஆனால் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமேயான வாக்குரிமை அது. அதைப் பெற்ற பெண்களின் தொகை மிகச் சிறியது. 1926இல் பெண்களும் சபையில் அமரலாம் என்றானதும் கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூரில் போட்டியிட்டுக் குறைந்த வாக்குகளால் தோற்றார். தேர்தலால் ஒரு பெண்ணும் வரவில்லை என்ற நிலையில், அடையாறை மையமாகக் கொண்டு 1917இல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம் முத்துலெட்சுமியின் பெயரை முன்வைத்தது. வைத்தியத் தொழில் கெட்டுவிடுமே என்று அவர் முதலில் தயங்கினார். அத்தயக்கம் வெறும் அடக்கமன்று என்றே நினைக்கிறேன். பெண் வைத்தியர் அரிதாயிருந்த நகரமொன்றில் சபை நடக்கும் ஒவ்வொரு நாளும் அவரை நம்பியிருந்த நோயாளிகளுக்கு இழப்புத்தான்.

அவரது சபை வேலையை வாசிக்கும்போது முதலில் படுவது, அவர் பிரசவ அறையிலிருந்து நேரே சபைக்கு வந்தவர் என்பதுதான். பெண்கள், குழந்தைகளுக்கெனத் தனி வைத்தியசாலை வேண்டும் என்று பிரேரித்தார். வளர்ந்தோருக்கான விடுதியின் ஒரு மூலையில் நோயுற்ற குழந்தையையும் கிடத்தி, வளர்ந்தவருக்கான வைத்தியத்தையே அளவைக் குறைத்துக் கொடுத்த காலம் அது. குழந்தை மருத்துவம் ஒரு தனித்துறை என்பதை இந்தியாவில் பலரும் ஏற்றிராத வேளையில் அவர் அதை இலண்டனில் நேரிற் கண்டு வந்திருந்தார். அரசாங்கம் கேட்டதனைத்தையும் தரவில்லை. மகப்பேற்று வைத்தியசாலையில் குழந்தைகளுக்கென ஒரு பிரிவைத் திறந்தது. பாதி வெற்றி எனலாம். அவருடைய சட்டசபை வாழ்வில் பெரும்பாலானவை பாதி வெற்றிகளே.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை நடத்த வேண்டும் என்ற கோரிக்கை அதற்கடுத்தது. நகரசபைப் பாடசாலைகள் மட்டுமன்றி ஏனைய கல்வி நிலையங்களும் இதற்குள் வரவேண்டும் என்றார். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இக்கோரிக்கைக்குள் ஒரு சிக்கல் உண்டு. பெண்பிள்ளைகளைப் பரிசோதிக்க யார் வருவது? ஆண் வைத்தியர் வருகிறார் என்றால் அன்றைக்குப் பாதி மாணவியர் வரமாட்டார்கள். மீதிப் பேரைப் பெற்றோர் நிறுத்திவிடுவர். ஆகவே பாடசாலைப் பரிசோதனை என்பது பெண் வைத்தியர் நியமனத்தையும், பெண் வைத்தியர் நியமனம் என்பது மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கான இடத்தையும், அது உயர்தரப் பாடசாலை முடிக்கும் பெண்களின் தொகையையும் தொட்டு நின்றது. ஒன்றை இழுத்தால் நான்கும் வரும். முத்துலெட்சுமி கல்வியையும் சுகாதாரத்தையும் ஒரே வாதமாகக் கொண்டு சென்றதன் காரணம் இதுவே. 1928இல் ஹார்டொக் தலைமையில் அமைந்த கல்விக் குழுவில் அவர் ஓர் உறுப்பினராக இந்தியாவெங்கும் சுற்றி வந்ததும் இதே தொடர்ச்சிதான். சைமன் கமிஷனின் துணைக் குழு அது. காங்கிரஸ் அக் கமிஷனைப் பகிஷ்கரித்திருந்தது. அப்படியிருந்தும் போனார்.

முஸ்லிம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இங்கு வருகிறது. சென்னையில் திரைக்குள் வாழ்ந்த பெண்களின் வைத்தியத் தேவை புதிய விடயமல்ல. மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியரின் முயற்சியால் 1885இல் தொடங்கப்பட்ட வைத்தியசாலை 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சனங்களால் அழைக்கப்பட்டது. திருவல்லிக்கேணிப் பகுதியிலுள்ள அது பிற்காலத்தில் கஸ்தூரிபா காந்தி வைத்தியசாலை ஆயிற்று. ஆண் வைத்தியரைப் பார்க்க மறுத்து வீட்டிலேயே மடிந்த முஸ்லிம் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் அங்குதான் முதன்முறையாகப் படியேறினர். படிப்பு விடயத்திலும் இராயப்பேட்டையில் ஹோபார்ட் சீமாட்டியின் பெயரால் முஸ்லிம் சிறுமியருக்கு ஒரு பாடசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. ஆனால் வெளியூர் முஸ்லிம் பெண்பிள்ளை ஒருத்தி சென்னைக்கு வந்து மேற்கொண்டு படிப்பதானால் இரவில் எங்கே தங்குவாள்?

முத்துலெட்சுமி இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார். முஸ்லிம் மாணவியருக்கு ஒரு விடுதியும் தாழ்த்தப்பட்ட சாதி மாணவியருக்கு உபகாரச் சம்பளமும் வேண்டும் என்று வாதாடி இரண்டையும் பெற்றார். முஸ்லிம்கள் பெண்களைப் படிக்க விடுவதில்லை என்று குற்றம் சாட்டிப் பேசுவது அன்றைய சீர்திருத்த மேடைகளில் மலிவாகக் கிடைத்த கைதட்டல். அவர் கேட்டது ஒரு கட்டடத்தை. சமையற்காரியையும் மேற்பார்வையாளரையும் கொண்ட ஒரு விடுதியை. அந்தச் சமூகத்தவரல்லாத ஒருவர் திரையைக் கிழிக்கும்படி உபதேசம் செய்யாமல், திரைக்குள்ளிருந்தே படிக்க வழி செய்து தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். தானே திரைக்குப் பின்னால் அமர்ந்து படித்தவர் என்பதால் இந்த நிதானம் வந்திருக்கக்கூடும். இலங்கையில் முஸ்லிம் பெண்கல்வியின் வரலாற்றை எழுதுவோர், எமது பெண்பிள்ளைகளின் படிப்பு எத்தனை ஊர்களில் கொள்கைக்காக அல்லாமல் விடுதியின்மையாலும் போக்குவரத்தின்மையாலும் நின்றுபோனது என்பதையும் கணக்கெடுத்தால் நல்லது.

திருமண வயது பற்றிய அவரது பிரேரணை பெண்ணுக்குக் குறைந்தது 16, ஆணுக்கு 21 என்று கேட்டது. சாஸ்திரங்களை மேற்கோள் காட்டி எதிர்த்தவர்களுக்கு அவர் வைத்தியராகவே மறுமொழி சொன்னார். இடுப்பெலும்பு வளர்ந்து முடியாத சிறுமி பிள்ளை பெறும்போது நேரும் மரணங்களும், பிழைத்தவள் சுமக்கும் ஆயுட்கால நோய்களும் அவருக்குப் புத்தக விடயங்களல்ல. 1929இல் டில்லி மத்திய சட்டசபை நிறைவேற்றிய சாரதா சட்டம் 14, 18 என்ற அளவிலேயே நின்றது. அது எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவானது என்பதால் உலமாக்கள் சிலரிடமிருந்தும் வைதிக இந்துக்களிடமிருந்தும் ஒருங்கே எதிர்ப்பு வந்தது. முகம்மதலி ஜின்னா அச்சட்டமூலத்தை ஆதரித்துப் பேசினார் என்பதை இங்கு நினைவுகூரலாம். எமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்கு வயதெல்லை வகுக்காமல், 12 வயது நிறையாத சிறுமியின் விவாகத்துக்குக் காதியின் அனுமதி வேண்டும் என்பதோடு அமைந்தது. அதன் திருத்தம் பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல் அறிக்கை கையளிக்கும்வரை எம்மிடையே நடந்த வாதங்களிற் பல 1929இன் டில்லி விவாதங்களிலேயே பேசப்பட்டவைதாம்.

இனி, அவர் பெயர் நிலைத்த விடயத்துக்கு வருவோம்.

கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்ற பிரேரணையை அவர் 1927 நவம்பரில் கொண்டுவந்தார். தாய்வழியில் அம்மரபின் நிழலிற் பிறந்தவர் என்பதால் இது அவருக்கு வெறும் பொதுப் பிரச்சினையன்று. தண்டனைச் சட்டக் கோவையில் ஏற்கெனவே இடமிருக்கிறதே என்பது அக்காலத்தில் வழக்கமாகச் சொல்லப்பட்ட பதில். சிறுமியரை விபசாரத்துக்கென ஒப்படைப்பது குற்றம் என்ற பிரிவு இருந்ததும், 1924இல் அதன் வயதெல்லை 16இலிருந்து 18ஆக உயர்த்தப்பட்டதும் உண்மை. ஆனால் பொட்டுக்கட்டல் கோயிற் சடங்காக நடப்பது. பெற்றவளே ஒப்படைப்பவள், ஊரே சாட்சி, ஒருவரும் நீதிமன்றம் வரமாட்டார்கள். பிரேரணை நிறைவேறியது, ஆயினும் அது சிபாரிசுதான்.

எனது கருத்தில் அவரது சட்டசபை வாழ்வின் உச்சம் அந்தப் புகழ்பெற்ற பிரேரணையன்று. 1929இல் இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்து நிறைவேற்றிய திருத்தமே. பொட்டுக்கட்டலை உயிரோடு வைத்திருந்தது நிலம் என்பதை அவர் கண்டுகொண்டார். கோயிற் சேவைக்கு மானியமாக விடப்பட்ட காணியைக் குடும்பம் அனுபவிக்க வேண்டுமானால் தலைமுறைக்கு ஒருத்தியாவது சேவைக்குப் போயாக வேண்டும். தாய் மனம் மாறினாலும் மகளைப் பொட்டுக்கட்டாவிட்டால் காணி பறிபோகும், வயிறு காயும். இந்நிலையில் சடங்கை மட்டும் தடை செய்தால் தண்டனை பெறுவதும் காணியிழப்பதும் அந்தப் பெண்களே. திருத்தச் சட்டம் காணியையும் சேவையையும் பிரித்தது. சேவை செய்யும் கடப்பாடு நீங்கும். காணி அவளிடமே இருக்கும். கோயிலிலிருந்து விலகுபவள் நடுத்தெருவில் நிற்கத் தேவையில்லை. சீர்திருத்தவாதிகள் ஒழுக்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய அந்தக் காலத்தில், ஒரு காணி உறுதியின் நிபந்தனையை மாற்றுவதில்தான் விடுதலை தொடங்குகிறது என்று கண்டவர் இந்த வைத்தியர். சத்தமில்லாத இச்சட்டத்தைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை.

இதே காலத்தில் விபசார விடுதிகளையும் பெண்கள், சிறுமியர் வியாபாரத்தையும் ஒடுக்குவதற்கான 1930ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறுவதிலும், அவ்விடங்களிலிருந்து மீட்கப்பட்டோருக்கு ஒரு காப்பகம் அமைவதிலும் அவரது முயற்சி பெரிது.

ஆனால் மறுபக்கத்தையும் எழுதாமல் விட முடியாது. அவரது பிரேரணையை எதிர்த்தவர்களுள் சத்தியமூர்த்தி போன்ற வைதிகப் பற்றுள்ள அரசியல்வாதிகள் மட்டும் இருக்கவில்லை, தேவதாசிகளே எதிர்த்தனர். சங்கம் அமைத்து அரசாங்கத்துக்கு மகஜர் அனுப்பினர். தாம் இறைபணியும் கலையும் வளர்த்த மரபினர், தம்மை விபசாரிகள் என்று சட்டப் புத்தகத்தில் எழுதாதீர்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்களும் அந்த எதிர்ப்பில் இருந்தனர். முத்துலெட்சுமி இவர்களுக்கு உரியவாறு செவிசாய்த்ததாகத் தெரியவில்லை. வைத்தியசாலையில் பால்வினை நோயோடு வந்த பெண்களைக் கண்ட கண்கள், அரங்கில் நிமிர்ந்து நின்று பாடிய பெண்ணையும் அதே நோயாளியாகக் கண்டன. 1932இல் சதிராட்டத்தைப் பற்றி ஈ. கிருஷ்ண ஐயருடன் பத்திரிகைகளில் அவர் நடத்திய விவாதத்திலும் இப்பார்வையே மேலோங்கி நின்றது. சில வருடங்களில் அக்கலை 'பரதநாட்டியம்' என்ற பெயரில் மேட்டுக்குடிப் பெண்களின் மேடைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைக் காத்து வந்த பெண்களிற் பலர் பிழைப்பையும் மதிப்பையும் ஒன்றாக இழந்தனர். அம்ரித் ஸ்ரீநிவாசன் முதல் டவேஷ் சொனெஜி வரையான பிற்கால ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கின்றனர். அவர்களது விமர்சனத்தை ஏற்கும் அதேவேளை ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கலை அழிந்தது என்ற துயரம் மேடையேறிய சிலரைப் பற்றியது. காணிக்காகப் பொட்டுக்கட்டப்பட்ட சிற்றூர்ச் சிறுமி ஆடவும் பாடவும் பெயரெடுக்கவும் வாய்ப்பில்லாதவள். மகஜரில் கையொப்பமிட்டவர்களுள் அவள் இருந்திருக்க முடியாது. முத்துலெட்சுமி பேசியது அவளுக்காக. இருவருக்குமாகப் பேசியிருக்கலாம் என்பது எமது காலத்து எதிர்பார்ப்பு.

பொட்டுக்கட்டலையே சட்டவிரோதமாக்கும் தனிச் சட்டமூலத்தை அவர் 1930இல் முன்வைத்தார். அது அபிப்பிராயம் கேட்டுச் சுற்றுக்கு விடப்பட்டிருந்த நிலையில், உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். முத்துலெட்சுமி அதைக் கண்டித்துத் தன் பதவியைத் துறந்தார். சட்டமூலத்தை முன்னெடுக்க ஆளில்லாமற் போயிற்று. இத் துறவு சரியா என்பதில் எனக்கு இரண்டு மனம். நியமன உறுப்பினர் அரசாங்கத்தின் கையாள் என்று ஏசியவர்களுக்கு அது தக்க பதில். ஆனால் அந்தச் சட்டமூலம் 17 வருடங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னையில் நிறைவேறியது சுதந்திரத்தின் பின்னர், 1947இல்தான். இடைப்பட்ட காலத்தில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியரின் பெயர்களை எந்தப் பதிவேடும் தரப்போவதில்லை.

பதவி விலகிய காலத்திலேயே, அம்மரபிலிருந்து தப்பி வந்த இளம் பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். நகரத்து மாணவியர் விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. முஸ்லிம் மாணவியருக்காக அரசாங்கத்திடம் விடுதி கேட்டு வாங்கியவர், இவர்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுவே ஒளவை இல்லம் என்ற நிறுவனமாக வளர்ந்தது.

சபையில் கேட்டுக் கிடைக்காதவற்றை வெளியில் தானே செய்யத் தொடங்கிய இந்த வழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது. தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்ட நாள்முதல் அந்நோய்க்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்பது அவர் மனதில் இருந்தது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். அரசாங்கங்கள் மாறின, ஆர்வம் காட்டியவர் சிலரே. மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் அடையாறில் அந்தப் புற்றுநோய் நிலையம் 12 கட்டில்களுடன் திறக்கப்பட்டபோது முத்துலெட்சுமிக்கு 68 வயது நிறையச் சில வாரங்களே இருந்தன.